பதினோராவது பாட்டு

அக்கா எழுதிக் கொடுத்த லிஸ்ட் சட்டைப் பையில், புது நைன்டி கேசட் கையில். 1986ஆம் வருடக் கடைசி. திண்டுக்கல் பக்கத்துச் சிற்றூர் எங்களுடையது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில் எட்டுக்கு எட்டு அறை ஒன்றில் ரிக்கார்டிங் சென்டர். உள்ளே இரண்டு டெக், சுவர் முழுக்க இசைத்தட்டு உறைகள். கல்லாவுக்கு மேலே முருகன் படம், அதை ஒட்டி இளையராஜா படம். காலையில் கடை திறந்ததும் முருகனுக்கு வைத்த பூவில் ஒரு கிள்ளு ராஜாவுக்கும் வைப்பார்கள்.

அக்கா லிஸ்ட்டைக் கட்டம் போட்டு எழுதியிருந்தாள். பாட்டு, படம், பாடியவர். ஏ சைடுக்குப் பதினொன்று, பி சைடுக்குப் பத்து. கடைக்கார அண்ணன் அதை வாங்கி, வீட்டுப் பாடம் திருத்தும் வாத்தியார் மாதிரி பேனாவை ஓட்டினார். “தம்பி, நைன்டின்னா ஒரு பக்கம் நாப்பத்தஞ்சு நிமிஷம். பத்துப் பாட்டு தாங்கும். பதினொண்ணாவது பாதியில வெட்டுப்படும். எடுத்துரவா?”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பதினோராவது பாட்டு ‘ஜானி’ படத்தில் ஜென்சி பாடியது. வீட்டுக்கு ஓடிப்போய்க் கேட்டேன். அக்கா கடைக்கு வர முடியாது. அந்தச் சந்தில் பெண்பிள்ளைகள் நிற்பதில்லை. அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். “வெட்டுப்பட்டாலும் பரவாயில்ல. போடச் சொல்லு.”

மூன்று நாள் கழித்துக் கேசட் வந்தது. முதுகில் இருந்த சின்னப் பிளாஸ்டிக் பல்லை அண்ணன் உடைத்தே கொடுத்திருந்தார், யாரும் தப்பித்தவறி மேலே பதிந்துவிடக் கூடாது என்று. ஜென்சியின் பாட்டு இரண்டாவது சரணத்தில், ஒரு வார்த்தையின் நடுவில் நின்றது. ‘டக்’கென்று பட்டன் தானாக எழும்பும். அப்புறம் திருப்பிப் போட வேண்டும்.

தமிழ்நாட்டில் ரசிகன் என்றாலே நமக்குத் தோன்றும் படம் வேறு. கட்-அவுட், பாலாபிஷேகம், மன்றத்துக் கொடி, முதல் நாள் முதல் காட்சி. அது கண்ணால் வளர்ந்த பக்தி. திரையில் நிற்கிறவருக்குச் செய்வது. எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து அந்தப் பக்தி அரசியல் வரைக்கும் போனது, அதைப் பற்றி எழுதிய புத்தகங்களும் நிறைய. ஆனால் திரையில் முகமே தெரியாத ஒரு மனிதருக்கு, தலைப்பில் ‘இசை’ என்ற எழுத்துக்குப் பின்னால் வருகிற ஒரு பெயருக்கு, லட்சக்கணக்கான வீடுகளில் இப்படி ஓர் ஈடுபாடு உண்டானது எப்படி? மன்றங்களும் பின்னால் வந்தன, ஜூன் 2ஆம் தேதி பிறந்தநாள் அன்னதானமும் ஃபிளெக்ஸும் வந்தன. அவற்றுக்கெல்லாம் முன்னால், ஆள் அரவம் இல்லாமல், காதும் மனசும் மட்டும் செய்த வேலை ஒன்று இருக்கிறது. எங்கள் தலைமுறையில் ராஜா ரசிகர் என்றால் லிஸ்ட் எழுதியவர். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒவ்வொரு ராஜா ரசிகனிடமும் ஒரு தலபுராணம் இருக்கும். பண்ணைப்புரம் என்று தொடங்குவான். பாவலர் வரதராஜன் அண்ணனோடு ஆர்மோனியமும் கையுமாகக் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடியது, சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் கற்றது, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வு, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர், பஞ்சு அருணாசலம் கொடுத்த வாய்ப்பு, ‘அன்னக்கிளி’ முதல் ரிக்கார்டிங் தொடங்கும்போது கரன்ட் போனது. அந்த கரன்ட் போன கதையை ராஜாவே மேடைகளில் சொல்லியிருக்கிறார். ரசிகன் சொல்லும்போது தானே அந்த ஸ்டூடியோ ஓரத்தில் நின்ற மாதிரி சொல்வான். கேட்பவனும் ஏற்கெனவே நூறு தடவை கேட்டவன்தான். ஆனாலும் இருவரும் அதே ஆர்வத்தோடு அந்த இடத்துக்கு வந்து சேர்வார்கள். திருவிழாவில் வள்ளி திருமணம் நாடகம் பார்க்கிற ஜனம் மாதிரி.

1976 மே மாதம் ‘அன்னக்கிளி’ வந்தது. அதற்கு முந்தைய சில வருடங்கள் கல்யாண வீட்டுக் குழாய் ரேடியோவில் ‘ஆராதனா’, ‘பாபி’ என்று இந்திப் பாட்டுகள் ஓடிக்கொண்டிருந்த காலம். வார்த்தை புரியாமலேயே எங்கள் சித்தப்பாக்கள் அவற்றை விசிலடித்துத் திரிந்திருக்கிறார்கள். ‘அன்னக்கிளி’க்குப் பிறகு அந்த ஸ்பீக்கர் திரும்பி எங்கள் பக்கம் பார்த்தது. எஸ். ஜானகியின் குரலில் நாற்று நடுகிறவள் பாடுகிற மெட்டு, ஆனால் பின்னால் வயலின்கள். வயல்காட்டுக்குப் புதுத்துணி போட்டு ஊர் நடுவே கூட்டிவந்த மாதிரி இருந்தது என்று என் அப்பா சொல்வார்.

அந்தப் பாட்டுகளைத் தென்மாவட்டங்களுக்குக் கொண்டுவந்து சேர்த்ததில் சிலோன் ரேடியோவுக்குப் பெரிய பங்கு உண்டு. ராமேசுவரத்திலிருந்து மதுரை, கம்பம் வரைக்கும் சென்னை நிலையத்தைவிட அது தெளிவாகக் கேட்கும். கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது குரல்கள் எங்கள் வீட்டு ஆட்களின் குரல்கள். பாட்டுக்கு முன்னால் விரும்பிக் கேட்ட நேயர்களின் பெயர்களை வாசிப்பார்கள். ஒரே போஸ்ட் கார்டில் பாட்டி முதல் கைக்குழந்தை வரை எல்லாப் பெயரையும் எழுதி அனுப்புகிற வீடுகள் இருந்தன. தன் பெயர் காற்றில் வரும் அந்த ஒரு நொடிக்காக மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். பெயருக்கு அடுத்தாற்போல் பாட்டு வரும். அப்போது அந்தப் பாட்டு ராஜாவுடையதா, கார்டு எழுதியவருடையதா? இந்தக் கேள்வி பின்னால் வக்கீல் நோட்டீஸ் வரைக்கும் போனது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

ரேடியோ கொடுத்தால்தான் கேட்கலாம். எப்போது வரும் என்று தெரியாது, வந்து போனால் போனதுதான். 80களின் தொடக்கத்தில் கேசட் அதை மாற்றியது. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போன மாமாக்கள் டூ-இன்-ஒன்னைத் தோளில் சுமந்து கொண்டுவந்தார்கள். திடீரென்று ஒரு பாட்டைப் பத்துத் தடவை தொடர்ந்து கேட்கிற வசதி ஓட்டு வீடுகளுக்கு வந்தது. என் எண்ணம் இதுதான்: ராஜா ரசிகனைப் படைத்தவர்கள் இருவர். ஒருவர் ராஜா, இன்னொன்று ரீவைண்ட் பட்டன்.

ஏனென்றால் அவருடைய பாட்டு ஒரே தடவையில் தீராது. முதல் தடவை மெட்டு கேட்கும். மூன்றாவது தடவை, மெட்டுக்கு அடியில் பேஸ் கிட்டார் தனக்கென்று ஒரு வழியில் நடந்துபோவது தெரியும். ஆறாவது தடவை, பல்லவி முடிந்து சரணம் தொடங்கும் முன் வருகிற இசைத் துண்டில் புல்லாங்குழல் ஒன்று சொல்ல, வயலின்கள் அதற்குப் பதில் சொல்வது கேட்கும். பத்தாவது தடவை, பதில் சொன்ன வயலின்களுக்குள்ளேயே இரண்டு கோஷ்டி இருப்பது பிடிபடும். அவர் எல்லா வாத்தியத்துக்கும் தனித்தனியாக நோட்ஸ் எழுதிக் கொடுப்பவர். அதில் எதுவும் சும்மா நிரப்புவதற்காக இருக்காது. 1978இல் ‘ப்ரியா’ பாட்டுகள் ஸ்டீரியோவில் வந்தபோது, இடது ஸ்பீக்கரில் ஒன்று, வலது ஸ்பீக்கரில் ஒன்று என்று காதைக் கொண்டுபோய் ஒட்டிவைத்துக் கேட்ட ஆட்களை எனக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் டீ மாஸ்டர் ஒருவர். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றவர். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது பேசினால் கரண்டியால் பாய்லரில் ஒரு தட்டு. “செகண்ட் இன்டர்லூட் வருது, சும்மா இரு.” இன்டர்லூட் என்ற வார்த்தையை நான் முதலில் கேட்டது அவர் வாயில்தான். இது யார் வாசித்த புல்லாங்குழல், அருண்மொழி, இது வி.எஸ். நரசிம்மன் வயலின், கீபோர்டு விஜி மேனுவல், டிரம்ஸ் புருஷோத்தமன் என்று அவருக்குத் தெரியும். திரையிலும் வராத, போஸ்டரிலும் வராத வாத்தியக்காரர்களின் பெயர்களைச் சிற்றூர் டீக்கடையில் ஒருவர் வைத்திருந்தார்.

‘கவிக்குயில்’ படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடினாரே, அது ரீதிகௌளை என்று எங்களுக்குச் சொன்னதும் அவர்தான். 1985இல் ‘சிந்து பைரவி’ வந்தபோது, கதாநாயகி சபையில் நாட்டுப்புற மெட்டில் தொடங்கி அப்படியே தியாகராஜர் கீர்த்தனைக்குள் போய்ச் சேருகிற காட்சியைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் அதையே பேசினார். சாரமதி, சாரமதி என்று ராகத்தின் பெயரைப் பிரசாதம் மாதிரி எல்லார் கையிலும் வைத்தார். சித்ராவுக்கு அந்தப் பாட்டுக்குத் தேசிய விருது கிடைத்தது. ராஜாவுக்கும் அந்தப் படத்துக்குக் கிடைத்தது. ஆனால் எனக்கு மிகப் பெரிய விஷயம், சபா வாசலை ஒரு நாளும் மிதித்திராத ஒரு மனிதர் ராகத்தின் பெயரைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த உரிமை. அது யாரோ இரங்கிக் கொடுத்த அறிவல்ல. கேட்டுக் கேட்டு, தேய்த்துத் தேய்த்து, சொந்தமாகச் சம்பாதித்தது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. எங்கள் ஊரிலிருந்து நான்கு கிலோமீட்டரில் ஒரு கிராமம். அங்கேயும் ஒரு டீக்கடை, அங்கேயும் நாள் முழுக்க ராஜா பாட்டு. அந்தக் கடையில் இரண்டு விதத் தம்ளர் இருந்தது. காலனித் தெருவிலிருந்து வருகிறவர்கள் வெளியே தொங்கவிட்ட தம்ளரை எடுத்து, குடித்து, தாங்களே கழுவி வைக்க வேண்டும். உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தவர்கள், அந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் எந்த மாதிரித் தெருவில் பிறந்தவர் என்று தெரியாதவர்களா என்ன? தெரிந்துதான் இருந்தார்கள். ராஜா தன்னை அந்த அடையாளத்துக்குள் அடைப்பதை எப்போதும் மறுத்தே வந்திருக்கிறார். அது அவருடைய உரிமை. ஆனால் வெளியே நின்று தம்ளர் கழுவிய என் வயதுப் பையன் ஒருவன், பின்னாளில் என் நண்பன் ஆனவன், ஒரு தடவை சொன்னான்: “அந்தக் கடையில எனக்குன்னு இருந்தது பாட்டு மட்டும்தான்டா. அதை மட்டும் அவங்களால தனித் தம்ளர்ல ஊத்த முடியல.” பக்தி எல்லாச் சுவரையும் இடித்துவிடும் என்று நான் நம்பவில்லை. அந்தச் சுவர் இடிய வேறு போராட்டங்கள் வேண்டியிருந்தன. ஆனால் பறையும் உறுமியும் நாயனமும் ஊரின் நல்ல ஸ்பீக்கரில், நல்ல வயலின்களோடு சரிசமமாக உட்கார்ந்து ஒலித்ததைக் கேட்டு வளர்ந்தவனின் நிமிர்வு வேறு மாதிரி இருந்தது. அதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

பெண் ரசிகைகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. விசில் அடிக்காதவர்கள், மன்றத்தில் பெயர் இல்லாதவர்கள். ரிக்கார்டிங் சென்டருக்குத் தம்பியையோ அண்ணனையோ அனுப்பியவர்கள். என் அக்கா பத்தாம் வகுப்போடு நின்று தையல் கற்றாள். பத்தொன்பதில் கல்யாணமாகித் திருப்பூருக்குப் போனாள். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின். அங்கே பெரிய ஹால், வரிசையாக மெஷின்கள், மேலே ஸ்பீக்கர். மெஷின் இரைச்சலுக்கு மேல் கேட்கும்படி சத்தமாக வைத்திருப்பார்களாம். “பாட்டு ஓடினாத்தான் கை ஓடும்” என்பாள். நைட் ஷிஃப்டில் இரண்டு மணிக்கு மேல் தூக்கம் கண்ணை இழுக்கும்போது சூப்பர்வைசர் குத்துப்பாட்டு எதுவும் தேட மாட்டாராம். ராஜாவின் 80களைப் போட்டுவிடுவாராம். ஹாலில் இருந்த எல்லாப் பெண்களும் வாய்க்குள்ளேயே சேர்ந்து பாடுவார்கள். சத்தம் வெளியே வராது, உதடு மட்டும் அசையும். நூறு பெண்கள் சத்தமில்லாமல் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டு சட்டைக்கு விளிம்பு அடிக்கிறார்கள். ரசிகர் கூட்டம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு மனதில் வருவது இந்தக் காட்சி.

சினிமாக்காரர்களுக்கு இந்தப் பலம் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ராஜாவின் படத்தைப் பெரிதாகப் போட்டுப் போஸ்டர் ஒட்டினார்கள். கோவைத்தம்பி தயாரித்த ‘பயணங்கள் முடிவதில்லை’ மாதிரிப் படங்களுக்குப் பாட்டுதான் முதல் நாயகன். மோகனுக்கு ‘மைக் மோகன்’ என்றே பெயர் நிலைத்தது. எஸ்.பி.பி.யின் குரலும் ராஜாவின் மெட்டும் தங்குவதற்கு ஓர் உடம்பாக அவர் திரையில் நின்றார், அழகாகவும் நின்றார்.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கேசட்டுகள் போயின. 90களின் முதல் பாதியில் யாழ்ப்பாணத்தில் போரால் மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடையால் பேட்டரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவும் கேசட்டும் கேட்டார்கள். அந்தத் தலைமுறைக்காரர் ஒருவரைச் சில வருடங்களுக்கு முன் சென்னையில் சந்தித்தேன். சுற்றுகிற வேகம் குறைந்தால் பாட்டு இழுபடும், கூடினால் கீச்சிடும் என்றார். சரியான சுருதியில் வருவதற்கு எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்று அவர் தம்பியின் கைக்குத்தான் தெரியுமாம். வீட்டில் எல்லாரும் கேட்பதற்காக அந்தத் தம்பி சுற்றிக்கொண்டே இருப்பானாம். சுற்றுகிறவன் பாட்டைக் கேட்டானா, கையைக் கவனித்தானா என்று கேட்டேன். “ரெண்டும் ஒண்டுதான் அண்ணை” என்றார். பின்னர் டொரன்டோவுக்கும் பாரிஸுக்கும் லண்டனுக்கும் சிதறிய வீடுகளில் முதலில் ஒலித்த தமிழ் அந்தப் பாட்டுகளின் தமிழாகவே இருந்திருக்கும்.

இந்தப் பக்தியில் குறையே இல்லையா? இருக்கிறது, நாங்களே செய்த குறைகள். 1992இல் ‘ரோஜா’ வந்தபோது எங்கள் தெருவில் உயிருக்குயிரான இரண்டு பேர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஒருவன் ராஜா, ஒருவன் ரஹ்மான். ரஹ்மான் ராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தவர் என்பதை இருவருமே தங்கள் தங்கள் வாதத்துக்கு ஆயுதமாகப் பயன்படுத்தினார்கள். அதற்கு முன் எம்.எஸ். விஸ்வநாதனையும் இப்படித்தான் பலர் சிறுமைப்படுத்திப் பேசினார்கள். எம்.எஸ்.வி.யோடு சேர்ந்து 1986இல் ‘மெல்லத் திறந்தது கதவு’ படத்துக்கு இசையமைத்த ராஜா, அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சிஷ்யனின் பணிவோடுதான் பேசியிருக்கிறார். தலைவன் கும்பிடுகிற ஆளைத் தொண்டன் திட்டினால் அது என்ன பக்தி? கேட்பதை விட்டுவிட்டு எண்ண ஆரம்பித்தபோது நாங்கள் கெட்டோம் என்று நினைக்கிறேன். எத்தனை படம், எத்தனை விருது, யாருக்கு எத்தனை ஓட்டு. 2002இல் பி.பி.சி. உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில் ‘தளபதி’ படப் பாட்டு ஒன்று உலக அளவில் நான்காம் இடத்துக்கு வந்தது. சந்தோஷப்பட்டோம், நானும்தான். ஆனால் எங்கள் டீ மாஸ்டரிடம் போய் அதைச் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: “ஓட்டுப் போட்டவங்க அதை உக்காந்து முழுசாக் கேட்டாங்களா?”

2017இல் வந்தது வேறு மாதிரி வலி. தன் அனுமதி இல்லாமல் கச்சேரிகளில் தன் பாட்டுகளைப் பாடக் கூடாது என்று எஸ்.பி.பி.க்கு ராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. வீட்டில் அப்பாவும் சித்தப்பாவும் வழக்காடிக்கொண்டால் பிள்ளைகள் எந்தப் பக்கம் நிற்பது? அன்றைக்கு நான் பாடகர் பக்கம் நின்றேன். இன்று வேறு மாதிரி யோசிக்கிறேன். எங்கள் அக்காவின் லிஸ்ட்டில் இருந்த இருபத்தொரு பாட்டுகளுக்காக ரிக்கார்டிங் சென்டருக்குக் காசு கொடுத்தோம், கேசட் கம்பெனிக்குக் கொடுத்தோம். பாட்டுக்கு மெட்டுப் போட்டவருக்கு ஒரு பைசா போகவில்லை. ஊர் ஊராக, சந்து சந்தாக, பல ஆண்டுகள் இப்படித்தான் நடந்தது. அவர் படத்துக்குப் பூ வைத்த கடையும் அதில் ஒன்று. தெய்வம் என்று சொல்லிவிட்டால் கூலி கொடுக்க வேண்டியதில்லை என்று நாமாகவே முடிவு செய்துகொண்டோம். உழைப்பாளி கூலி கேட்டபோது தெய்வம் இப்படிக் கேட்கலாமா என்று கோபப்பட்டோம். அதே சமயம், அந்தப் பாட்டுகளை எங்களுடையவை என்று நாங்கள் நினைத்ததும் பொய்யில்லை. போஸ்ட் கார்டில் பெயர் எழுதி அனுப்பிய நாளிலிருந்து அந்த உரிமை தொடங்கிவிட்டது. சட்டம் ஒருவர் பெயரைத்தான் எழுதிக்கொள்ளும். மனசு இரண்டு பெயரையும் எழுதி வைத்திருக்கிறது. 2019இல் இருவரும் மறுபடி ஒரே மேடையில் சேர்ந்தபோது, அரங்கத்தில் அழுதவர்களுக்கு நோட்டீஸில் யார் ஜெயித்தார்கள் என்ற கேள்வியே இல்லை.

மறுவருடம் ஆகஸ்டில் எஸ்.பி.பி. மருத்துவமனையில் கிடந்தபோது, ராஜா வீடியோவில் ‘பாலு’ என்று கூப்பிட்டு எழுந்து வரச் சொன்னார். தமிழ்நாடு முழுக்க ஒரு மாலையில், குறித்த நேரத்தில், வீடுகளில் எஸ்.பி.பி.யின் பாட்டைப் போட்டு வேண்டிக்கொண்டார்கள். கொரோனாக் காலம், யாரும் யார் வீட்டுக்கும் போக முடியாது. எங்கள் தெருவில் ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் வெவ்வேறு பாட்டு வந்து நடுத்தெருவில் கலந்தது. எதுவும் தெளிவாகக் கேட்கவில்லை, எல்லாம் கேட்டது. செப்டம்பர் 25ஆம் தேதி அவர் போய்விட்டார். 2024 ஜனவரியில் ராஜாவின் மகள் பவதாரிணி மறைந்தபோது, ‘பாரதி’ படத்தில் அவர் பாடித் தேசிய விருது வாங்கிய பாட்டைப் போட முடியாமல் போனை எடுத்து எடுத்து வைத்தவர்களில் நானும் ஒருவன். பார்த்தே இராத ஒரு பெண்ணுக்காக வீட்டில் துக்கம் காத்தோம்.

அதே வருடம் பிப்ரவரியில் மலையாளத்திலிருந்து ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ வந்தது. 1991இல் வந்த ‘குணா’வின் பாட்டு, அந்தப் படம் வந்தபோது பிறந்தே இராத பிள்ளைகளைத் தியேட்டரில் எழுந்து நிற்க வைத்தது. கொடைக்கானல் குகையில் விழுந்த நண்பனை மேலே தூக்கும் இடத்தில் அந்தப் பாட்டு வருகிறது. காதலிக்கு எழுதிய கடிதமாக நாங்கள் கேட்டதை அவர்கள் நண்பனுக்காகக் கேட்டார்கள். என் பக்கத்து சீட்டில் இருந்த கல்லூரிப் பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இது எங்க பாட்டு சார்” என்றான். நான் மறுக்கவில்லை.

ராஜாவின் கச்சேரிகளில் எனக்குப் பிடித்த நேரம், அவர் கையைக் காட்டி எல்லாரையும் நிறுத்துகிற நேரம். ஏதோ ஒரு வாத்தியம் கொஞ்சம் பிசகியிருக்கும், எங்கள் காதுக்கு எட்டியே இருக்காது. முதலிலிருந்து வாசிக்கச் சொல்வார். காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் அதற்குக் கைதட்டுவார்கள். முழுக் கூட்டமும் அந்த ஒரு நிமிடம் வேலை நடக்கிற இடத்துக்குள் நுழைந்துவிட்ட மாதிரி இருக்கும். ரீவைண்ட் பட்டனை அவரே அழுத்துகிறார். 2025 மார்ச்சில் லண்டனில் அவருடைய ‘வேலியன்ட்’ சிம்பொனி அரங்கேறியபோது அவருக்கு வயது 81. அங்கே இடையில் கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் தவித்த நம் ஜனங்களைப் பற்றிச் சிலர் இங்கே கேலி பேசினார்கள். எனக்கு அந்தத் தவிப்பு பிடித்திருந்தது. ஐம்பது வருடமாக அவர் எதைக் கொடுத்தாலும் அதைக் கேட்கக் கற்றுக்கொண்ட கூட்டம் அது. இதையும் கற்றுக்கொள்ளும்.

அக்காவின் மகள் கல்லூரியில் படித்தபோது கொரியப் பாடகர்களான பி.டி.எஸ். மீது பித்தாகத் திரிந்தாள். ஏழு பேரின் பெயர்களைத் தூக்கத்தில் எழுப்பினாலும் வரிசையாகச் சொல்வாள். பாட்டின் அர்த்தம் புரிய வேண்டும் என்று கொரிய எழுத்துகளைத் தானாகவே கற்றாள். அறை முழுக்க ஊதா நிறம். மாமா தலையில் அடித்துக்கொண்டார். அக்கா மட்டும் அவளைத் திட்டவில்லை. ஒரு நாள் மகள் நோட்டில் கொரிய எழுத்தில் வரிசையாக எதையோ எழுதிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்று பார்த்துவிட்டு, “லிஸ்ட்டா?” என்று கேட்டாளாம்.

போன தீபாவளிக்குத் திருப்பூர் போயிருந்தேன். காலை பத்து மணி. அக்கா சமையற்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் வாசல்படியில் காபியோடு. எஃப்.எம்.மில் ‘ஜானி’, ஜென்சி குரல். இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தினோம். முதல் சரணம் போனது. இரண்டாவது சரணம் வந்தது. அந்த இடம் நெருங்க நெருங்க அக்காவின் கை மெதுவானது. அந்த வார்த்தை வந்ததும் கை நின்றுவிட்டது. ரேடியோவில் ஜென்சி நிற்கவில்லை, மேலே பாடிக்கொண்டே போனார்.

“முழுப் பாட்டையும் எத்தனையோ தடவை கேட்டாச்சு,” என்றாள் அக்கா. “ஆனா எனக்கு இங்கதான்டா முடியும்.”

பிறகு, ரேடியோவில் அந்தப் பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கேசட்டைத் திருப்பிப் போட்டதும் பி சைடில் முதலில் வருமே, ‘முள்ளும் மலரும்’ படத்தில் யேசுதாஸ் பாடியது, அதை மெதுவாக முணுமுணுத்துக்கொண்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.